ஈரோட்டின் பின்கோடு 638001: ஒரு பெரிய முழு எண்ணைத் தாளில் பிரித்து ஆராய்வதற்கான முழுமையான வழிகாட்டி

ஆறு இலக்க முழு எண் ஒன்றைக் கொடுத்து, அதன் பகாக் காரணிகள் யாவை, அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை, அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்றெல்லாம் கேட்டால், இன்று நம்மில் பெரும்பாலோர் செல்பேசியைத்தான் எடுப்போம். விடை நொடியில் வந்துவிடும். ஆனால் அந்த எண் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பது கடைசிவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு தாளும் பென்சிலும் பதின்மூன்றாம் வாய்பாடு வரையிலான பழக்கமும் போதும். எந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்வது, ஒரு சோதனை தோற்றால் அதிலிருந்து எதைத் தெரிந்துகொள்வது என்பதைத்தான் இந்த வழிகாட்டி விளக்குகிறது. பள்ளியில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய எவரும் இதை முழுவதும் கையாலேயே செய்து பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக 638001 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டின் தலைமை அஞ்சலகத்துக்குரிய பின்கோடு இது. ஈரோட்டிலிருந்து வெளியூர் போகும் ஜவுளிப் பார்சல்களிலும் மஞ்சள் மண்டிகளின் கடிதத் தாள்களிலும் நாள்தோறும் அச்சாகும் எண். பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் இலக்கமான 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. அஞ்சல் துறை இந்த எண்ணைக் கணிதப் பண்புகளைப் பார்த்து வழங்கவில்லை. அப்படியிருந்தும் இதற்குள் இருக்கும் அமைப்பு, கணிதத்தை நேசிக்கும் எந்த ஈரோட்டுக்காரரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். அதைப் படிப்படியாகவே பார்ப்போம்.

முதல் படி: இலக்கங்கள் சொல்வது

கடைசி இலக்கம் 1. ஆகவே இந்த எண் 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது.

அடுத்து இலக்கங்களைக் கூட்டுங்கள்: 6 + 3 + 8 + 0 + 0 + 1 = 18. இது 9-ஆல் வகுபடுவதால் 638001-உம் 9-ஆல் வகுபடும். காரணம் எளிது. 10, 100, 1000 என்ற ஒவ்வொன்றும் 9-இன் மடங்கை விட ஒன்று அதிகம். எனவே ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கக் கூட்டலை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் எப்போதும் ஒன்றே. வகுத்துப் பார்த்தால் 638001 = 9 × 70889. இப்போது 70889-இன் இலக்கக் கூட்டல் 32. அது 3-ஆல் வகுபடாது. ஆகவே 3 என்ற பகா எண் சரியாக இரண்டு முறைதான் வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இலக்கக் கூட்டல் 27 என்று வந்தால் அந்த எண் 27-ஆல் வகுபடும் என்று மாணவர்கள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. இலக்கக் கூட்டல் 3, 9 ஆகிய இரண்டுக்கு மட்டுமே பேசும். 27-ஐச் சோதிக்க வேறு வழி உண்டு. அது அடுத்த படியிலேயே கிடைக்கும்.

இரண்டாம் படி: மூன்று மூன்று இலக்கங்களாக வெட்டுதல்

7, 11, 13 ஆகியவற்றுக்குத் தனித்தனியே விதிகள் பல உண்டு. அவற்றையெல்லாம் மனப்பாடம் செய்வதைவிட, 7 × 11 × 13 = 1001 என்ற ஒரே சமன்பாட்டை நினைவில் வைத்துக்கொள்வது மேல் என்பது என் உறுதியான கருத்து. எண்ணை வலப்புறத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாக வெட்டுங்கள்: 638 | 001. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 637. மூல எண்ணை 638 × 1001 − 637 என்று எழுதலாம்; சரிபார்த்தால் 638638 − 637 = 638001. முதல் பகுதி 7, 11, 13 மூன்றாலும் வகுபடும் என்பதால், மூல எண்ணின் தலைவிதி முழுவதும் 637-இன் கையில் இருக்கிறது.

637 = 7 × 7 × 13. ஆகவே 638001 ஏழாலும் பதின்மூன்றாலும் வகுபடும், பதினொன்றால் வகுபடாது. ஒரே கழித்தலில் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது. எண் இன்னும் நீளமாக, பன்னிரண்டு இலக்கமாக இருந்தாலும் இதே முறைதான். வலப்புறத்திலிருந்து மும்மூன்றாக வெட்டி, மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் வந்தால் போதும்.

637-இல் 7 இரண்டு முறை வருகிறதே, அப்படியானால் 638001-உம் 49-ஆல் வகுபடுமா என்று கேட்கத் தோன்றும். வகுபட வேண்டிய கட்டாயமில்லை. 1001-இல் 7 ஒரே முறைதான் இருக்கிறது. எனவே இந்தச் சோதனை ஒரே ஒரு 7-க்குத்தான் பொறுப்பேற்கும். வகுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்: 70889 = 7 × 10127; 10127-ஐ மீண்டும் 7-ஆல் வகுத்தால் மீதி 5. ஆகவே 7 ஒரு முறை மட்டுமே. அடுத்து, 10127 = 13 × 779.

வெட்டிய அதே இரண்டு துண்டுகளைக் கழிக்காமல் கூட்டினால் 27-க்கும் 37-க்கும் விடை வரும், ஏனெனில் 999 = 27 × 37. இங்கே 638 + 1 = 639. இது 27-ஆலும் வகுபடாது, 37-ஆலும் வகுபடாது. முதல் படியில் 3 இரண்டு முறைதான் வருகிறது என்று கண்டதை இது உறுதிப்படுத்துகிறது. கூடவே 37-ஐயும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது.

மூன்றாம் படி: எஞ்சியதைப் பகுத்தல்

இப்போது கையில் இருப்பது 779. 28-இன் வர்க்கம் 784; ஆகவே 779 ஒரு பகு எண் என்றால், அதற்கு 28-க்குக் குறைந்த ஒரு பகாக் காரணி இருந்தே தீர வேண்டும். 2, 3, 5 ஏற்கெனவே போய்விட்டன. 7-ஆல் வகுத்தால் மீதி 2. 11-ஆல் வகுத்தால் மீதி 9. 13-ஆல் வகுத்தால் மீதி 12. 17-ஆல் வகுத்தால் மீதி 14. பத்தொன்பதால் மீதியின்றி வகுபட்டு 41 கிடைக்கிறது. 41 பகா எண். ஆகவே,

638001 = 3 × 3 × 7 × 13 × 19 × 41.

இந்த வரியை எழுதியதும் பெருக்கிச் சரிபாருங்கள்: 9 × 7 = 63; 63 × 13 = 819; 819 × 19 = 15561; 15561 × 41 = 638001. இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது. இனிவரும் எல்லாப் பண்புகளும் இந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கின்றன.

நடுவில் நிற்கும் மூன்று எண்கள்

காரணிகளை மறுபடி பாருங்கள். நடுவில் 7, 13, 19 மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றைப் பெருக்கினால் 7 × 13 = 91; 91 × 19 = 1729.

ஆம், அதே 1729. சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டியின் வீட்டில். லண்டனில் பட்னி மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த அவரைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுவதாகவும் சொல்ல, அதை மறுத்த ராமானுஜன், இரண்டு கனங்களின் கூட்டலாக இரு வேறு வழிகளில் எழுதத்தக்க எண்களில் மிகச் சிறியது அதுவே என்று சொன்ன செய்தியை அறியாத தமிழர் குறைவு: 1729 = 1³ + 12³ = 9³ + 10³. பிரான்சைச் சேர்ந்த பிரெனிக்கில் இந்தப் பண்பை 1657-ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் உலகம் இதை ராமானுஜனின் பெயரோடுதான் நினைவில் வைத்திருக்கிறது. அவர் பிறந்த ஊரின் பின்கோடு, அந்த எண்ணின் சரியான மடங்கு: 638001 = 369 × 1729.

இது தற்செயல்தான். எந்த ஆறு இலக்க எண்ணை எடுத்தாலும் அது 1729-இன் மடங்காக அமையும் வாய்ப்பு 1729-இல் ஒரு பங்கு; அந்த ஒரு பங்கு ஈரோட்டுக்கு வாய்த்திருக்கிறது, அவ்வளவே. இதற்கு மறைபொருள் எதையும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் ஈரோட்டுப் பள்ளிகளில் எண்ணியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு, மாணவர்களின் வீட்டு முகவரியிலேயே கிடைக்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

1729-க்கு இன்னொரு பண்பும் உண்டு. அது இங்கே பயன்படும். அதன் மூன்று காரணிகளிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் 6, 12, 18 கிடைக்கின்றன. இவை மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன. இந்தப் பண்பு உடைய பகு எண்கள், பெர்மாவின் சிறு தேற்றத்தை வைத்துச் செய்யும் பகா எண் சோதனையில் பகா எண்களைப் போலவே தேறிவிடும். இவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். வரிசையில் 561, 1105 ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக வருவது 1729. நம்முடைய 638001 கார்மைக்கேல் எண் அல்ல. அதில் 3 இரண்டு முறை வருகிறது. கார்மைக்கேல் எண்களில் எந்தப் பகாக் காரணியும் ஒரு முறைக்கு மேல் வரக் கூடாது.

நான்காம் படி: வர்க்கங்களின் வித்தியாசம்

இதுவரை செய்தது சிறிய எண்களிலிருந்து மேலே ஏறும் முறை. நேர் எதிரான முறை ஒன்று உண்டு: எண்ணின் வர்க்கமூலத்துக்கு அருகிலிருந்து தொடங்குவது. பியர் த பெர்மா 17-ஆம் நூற்றாண்டில் கையாண்ட இந்த முறை 638001 விஷயத்தில் காட்டும் அழகு அலாதியானது. ஆகவே இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒற்றைப்படை எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால், அது உடனே இரண்டு காரணிகளாகப் பிரிந்துவிடும்; அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) என்று எட்டாம் வகுப்பிலேயே படித்ததுதான். எனவே கொடுத்த எண்ணுக்கு மேலே உள்ள முதல் முழு வர்க்கத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து எண்ணைக் கழித்து, மீதியும் முழு வர்க்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வர்க்கத்துக்குப் போக வேண்டும்.

800-இன் வர்க்கம் 6,40,000 என்பது மனக்கணக்கு. 799-இன் வர்க்கத்தைக் காண 6,40,000-இலிருந்து 1600-ஐக் கழித்து 1-ஐக் கூட்டுங்கள்: 6,38,401. இது நம் எண்ணை விடப் பெரியது. 798-இன் வர்க்கமோ 6,36,804, அது சிறியது. ஆகவே தொடங்க வேண்டிய இடம் 799. இப்போது கழியுங்கள்:

638401 − 638001 = 400.

நானூறு என்பது 20-இன் வர்க்கம். முதல் முயற்சியிலேயே முடிந்துவிட்டது! 638001 = 799² − 20² = 779 × 819. இலக்கங்களைக் கூட்டவும் இல்லை, 1001-ஐத் தொடவும் இல்லை. ஒரே ஒரு கழித்தலில் ஆறு இலக்க எண் இரண்டு மூன்றிலக்க எண்களாகிவிட்டது. 819-ஐ 9 × 91 என்று எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். 779-க்கும் இதே முறையைச் செலுத்துங்கள்: 28² − 779 = 5, வர்க்கம் அல்ல; 29² − 779 = 62, வர்க்கம் அல்ல; 30² − 779 = 121 = 11². ஆகவே 779 = (30 − 11)(30 + 11) = 19 × 41.

மீதி முழு வர்க்கமா என்று பார்க்கும்போது கடைசி இலக்கம் கை கொடுக்கும். 2, 3, 7, 8 ஆகியவற்றில் முடியும் எண் எதுவும் முழு வர்க்கம் ஆகாது; அப்படி முடியும் மீதிகளை வர்க்கமூலம் பார்க்காமலே தள்ளிவிடலாம். மேலே வந்த 62 அப்படிப்பட்டது.

பெர்மா இந்த முறையை 1643-ஆம் ஆண்டளவில் 2027651281 என்ற பத்திலக்க எண்ணில் செய்து காட்டினார். 45030-இன் வர்க்கத்திலிருந்து தொடங்கிப் பன்னிரண்டாவது முயற்சியில் 45041² − 1020² என்று கிடைக்கிறது. அதாவது 44021 × 46061. இந்தக் கணக்கையும் ஒரு முறை கையால் செய்து பார்ப்பது நல்ல பயிற்சி.

இந்த முறை எப்போது விரைவாக முடியும்? இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்போது. 779-உம் 819-உம் நாற்பதே தள்ளியிருப்பதால்தான் முதல் அடியிலேயே விடை வந்தது. 1977-இல் ரிவெஸ்ட், ஷாமிர், ஏடல்மேன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ மறையாக்க முறையில், இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி ஒரு பூட்டைச் செய்கிறார்கள். அந்தப் பகா எண்கள் அருகருகே இருக்கக் கூடாது என்ற விதியின் காரணம் இதுவே. இருந்தால், பெர்மாவின் இந்த நானூறு ஆண்டுப் பழைய கழித்தலே பூட்டைத் திறந்துவிடும்.

ஐந்தாம் படி: காரணிகளின் எண்ணிக்கையும் கூட்டலும்

ஒரு காரணியை உருவாக்க வேண்டுமென்றால், 3-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம்: மூன்று வழிகள். 7, 13, 19, 41 ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டிரண்டு வழிகள். மொத்தம் 3 × 2 × 2 × 2 × 2 = 48 காரணிகள். பட்டியலிட வேண்டுமானால் 1, 3, 9 என்று தொடங்கி, அவற்றை 7-ஆல் பெருக்கி ஆறாக்கி, பின் 13-ஆல் பெருக்கிப் பன்னிரண்டாக்கி, இப்படியே 24, 48 என்று போங்கள், ஒன்றும் விடுபடாது.

நாற்பத்தெட்டு என்பது அதிகமா, குறைவா? 1 முதல் 638001 வரையுள்ள எண்களின் காரணி எண்ணிக்கைகளுக்குச் சராசரி கண்டால் சுமார் 13½ வரும். ஆக, நம் எண் சராசரியைப் போல மூன்றரை மடங்கு. மறுமுனையில், தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும் விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அவ்வகை எண்களில் நம் எண்ணுக்கு அடுத்து மேலே நிற்கும் 6,65,280-க்கு 224 காரணிகள் உண்டு. அத்தகைய எண்கள் 2-இன் அடுக்குகளால் கொழித்தவை. 638001-இல் 2 ஒன்றுகூட இல்லை.

கூட்டலையும் இதே போலக் காணலாம்: (1 + 3 + 9)(1 + 7)(1 + 13)(1 + 19)(1 + 41) = 13 × 8 × 14 × 20 × 42 = 12,23,040. ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளின் கூட்டல் அந்த எண்ணின் இரு மடங்காக இருந்தால் அது நிறைவெண். இங்கே இரு மடங்கு 12,76,002. காரணிகளின் கூட்டல் அதைவிட 52,962 குறைவு. ஆகவே 638001 ஒரு குறைவெண். ஒற்றைப்படை எண் ஒன்று இவ்வளவு அருகில் வருவதே பெரிது. ஒற்றைப்படை எண்களில் அந்த எல்லையைத் தாண்டும் முதல் எண் 945.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதும் வழிகளும் இங்கேயே தெரிந்துவிடுகின்றன. 48 காரணிகளும் 24 இணைகளாகச் சேர்கின்றன. ஒவ்வோர் இணைக்கும் ஒரு வழி. மிக நெருங்கிய இணை தந்தது 799² − 20². மிக விலகிய இணையான 1, 638001 தருவது 319001² − 319000².

ஆறாம் படி: வர்க்கங்களின் கூட்டல்

வித்தியாசத்தில் தாராளமாக இருக்கும் இந்த எண், கூட்டலில் கறாராக நிற்கிறது. ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத வேண்டுமானால், நான்கால் வகுக்க மூன்று மீதி வரும் பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் அதில் இரட்டைப்படை முறையே வர வேண்டும். 3 இரண்டு முறை வருகிறது, அதனால் தடையில்லை. ஆனால் 7-உம் 19-உம் ஒவ்வொரு முறையே வருகின்றன. ஆகவே 638001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. தேடிப் பார்க்கத் தேவையின்றியே இதை உறுதியாகச் சொல்லலாம்.

மூன்று வர்க்கங்கள் போதுமா? போதும். எட்டால் வகுத்தால் மீதி 7 வரும் எண்களும், அவற்றை 4-இன் அடுக்குகளால் பெருக்கினால் வருபவையும் மட்டுமே மூன்று வர்க்கங்களுக்குள் அடங்காதவை. கடைசி மூன்று இலக்கங்கள் 001 என்பதால், நம் எண்ணை எட்டால் வகுத்தால் மீதி 1. அந்த மூன்றைக் கண்டுபிடிக்கும் வழி இது. 798²-ஐக் கழித்தால் 1197 = 9 × 7 × 19; அதே 7-உம் 19-உம் மறுபடி வழிமறிக்கின்றன. 797²-ஐ, அதாவது 6,35,209-ஐக் கழித்தால் 2792 = 4 × 2 × 349. 349 = 18² + 5². இதை இரட்டிக்க, (18 + 5)² + (18 − 5)² = 23² + 13² = 698. நான்கால் பெருக்க, இரண்டு எண்களும் இரட்டிக்கின்றன: 46² + 26² = 2792. ஆகவே,

638001 = 797² + 46² + 26².

நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்பதை லக்ராஞ்சு 1770-இல் நிறுவினார். அந்த நான்கு வர்க்கங்களையும் வேறு வேறு எண்களால் பெருக்கிக் கூட்டினாலும் எல்லா எண்களும் கிடைக்குமா என்ற கேள்வியை ராமானுஜன் 1917-இல் எடுத்து, அத்தகைய அமைப்புகளைப் பட்டியலிட்டார். அது தனியே எழுத வேண்டிய பெரிய செய்தி.

ஏழாம் படி: ஒன்றை 638001-ஆல் வகுத்தால்

1 ÷ 638001 = 0.0000015673956… என்று தொடங்கும் தசமம் எங்கே சுழலத் தொடங்கும்? கடைசிவரை வகுக்காமலே சொல்லலாம். ஒரு பகா எண்ணின் சுழற்சி நீளம் என்பது, அந்தப் பகா எண் வகுக்கக்கூடிய 9, 99, 999, 9999… வரிசையின் முதல் எண்ணில் எத்தனை ஒன்பதுகள் உள்ளனவோ அத்தனை. 7-உம் 13-உம் 1001-இன் காரணிகள்; 999999 = 999 × 1001; ஆகவே அவற்றுக்கு நீளம் 6. 99999 = 41 × 2439; ஆகவே 41-க்கு நீளம் 5. 19-க்கு நீளம் 18, அதற்கு இயலும் உச்ச அளவு அதுவே. 9-க்கு நீளம் 1. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 90. எனவே இந்தத் தசமம் தொண்ணூறு இலக்கங்களுக்கு ஒருமுறை தொடக்கத்துக்கு வந்துசேரும்.

இந்த எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 6 × 6 × 12 × 18 × 40 = 3,11,040. அவற்றில் எதை எடுத்து, அதையே 360 முறை எழுதிப் பெருக்கினாலும், 638001-ஆல் வகுக்க மீதி 1-தான் வரும். 6, 6, 12, 18, 40 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 360 என்பதே காரணம்.

எத்தனை வேறு வேறு பகாக் காரணிகள்?

நம் எண்ணில் 3, 7, 13, 19, 41 என ஐந்து வெவ்வேறு பகா எண்கள் உள்ளன. இது வழக்கமானதா என்ற கேள்விக்கு விடை தந்தவர்களும் ஹார்டியும் ராமானுஜனும்தான். ஓர் எண்ணின் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, பெரும்பாலான எண்களுக்கு, அந்த எண்ணின் இயல் மடக்கையின் (e என்ற மாறிலியை அடிமானமாகக் கொண்ட மடக்கை) இயல் மடக்கையை ஒட்டியே இருக்கும் என்று அவர்கள் 1917-இல் நிறுவினார்கள். 638001-இன் இயல் மடக்கை 13.37, அதன் இயல் மடக்கை 2.59. ஆறு இலட்சத்தைத் தாண்டிய எண்களுக்கே வழக்கமான எண்ணிக்கை மூன்றுக்கும் கீழேதான். ஐந்து என்பது அரிது. 1729 உள்ளே இருப்பது கண்ணுக்கு இனியது. ஆனால் ராமானுஜனின் பெயரை இந்த எண்ணோடு சேர்த்துச் சொல்ல, இந்த 1917-ஆம் ஆண்டுத் தேற்றமே இன்னும் வலுவான காரணம் என்று நான் கருதுகிறேன்.

பக்கத்து ஊர்களில் செய்து பார்த்தல்

முறை கைவந்துவிட்டதா என்று பார்க்க, கொங்கு நாட்டின் மற்ற தலைமை அஞ்சலக எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் வேறொரு படியில் பிடிபடும்.

திருப்பூர் 641601. நான்காம் படியிலிருந்து தொடங்குங்கள். 800² = 6,40,000; அதோடு 1600-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 801² = 6,41,601. கழிக்க ஒன்றுமே மிஞ்சவில்லை. திருப்பூரின் பின்கோடு ஒரு முழு வர்க்கம்! 801 = 9 × 89 என்பதால் காரணிகளின் எண்ணிக்கை 5 × 3 = 15. முழு வர்க்கங்களுக்கு மட்டுமே இந்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும், ஏனெனில் 801 தனக்குத் தானே இணையாக நிற்கிறது.

கரூர் 639001. இலக்கக் கூட்டல் 19, பயனில்லை. வெட்டிக் கழித்தால் 638 = 2 × 11 × 29; ஆகவே 11 பிடிபட்டது. வகுத்தால் 58091. இங்கே நிறுத்திவிடக் கூடாது. அதுவும் 11-ஆல் வகுபட்டு 5281 என்ற பகா எண்ணைத் தருகிறது. 639001 = 11 × 11 × 5281. 5281 = 41² + 60²; 11-ஆல் பெருக்கினால் கரூர் எண் 451² + 660² ஆகிறது. ஈரோட்டு எண்ணால் இயலாதது இதற்கு இயல்கிறது.

கோயம்புத்தூர் 641001 பொறுமையைச் சோதிக்கும். இலக்கக் கூட்டல் 12. ஆகவே 3 × 213667. வெட்டிக் கழித்தால் எதுவும் கிடைக்காது. வேறு வழியின்றிப் பகா எண்களாக வகுத்துக்கொண்டே போனால், 7-இலிருந்து எண்ணிப் பதினொன்றாவது பகா எண்ணான 43-இல் வழி திறக்கிறது: 213667 = 43 × 4969. 4969 பகா எண். இதே 213667-ஐ நான்காம் படியின் முறையில் பிரிக்க முயன்றால், 463-இன் வர்க்கத்தில் தொடங்கி 2506-இன் வர்க்கம் வரை 2044 முயற்சிகள் தேவைப்படும், ஏனெனில் காரணிகள் அவ்வளவு விலகி நிற்கின்றன. ஈரோட்டில் ஒரே அடியில் முடிந்த முறை கோவையில் இப்படித் திணறுகிறது. அதனால்தான் ஒரே முறையை நம்பாமல், சிறிய பகா எண்களைக் கொஞ்ச தூரமும் வர்க்க வித்தியாசத்தைக் கொஞ்ச தூரமும் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறேன்.

உங்கள் ஊரின் எண்ணை எடுக்கும்போது, அது பகா எண் என்று உறுதிசெய்ய எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். சேலம் பகுதியின் 636-இலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப் பகுதியின் 642 வரை தொடங்கும் எந்தப் பின்கோடானாலும் எல்லை ஒன்றுதான். 797 பகா எண். அதன் வர்க்கம் 6,35,209. அடுத்த பகா எண் 809. அதன் வர்க்கம் 6,54,481. இந்தப் பின்கோடுகள் எல்லாம் இவ்விரண்டுக்கும் இடையில் விழுகின்றன. ஆகவே 797 வரையுள்ள 139 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவற்றில் 2-உம் 5-உம் கடைசி இலக்கத்திலும், 3 இலக்கக் கூட்டலிலும், 7, 11, 13 ஒரு கழித்தலிலும், 37 ஒரு கூட்டலிலும் முடிந்துவிடும். வகுத்தே பார்க்க வேண்டியவை 132.